புதன்கிழமை அடைக்கும் வாய்க்கால்

காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்குள் பள்ளிக்குப் பின்னால் ஒரு குட்டை உருவாகிவிட்டது. அந்தக் குட்டையை என்ன செய்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊர். ஈராசிரியர் பள்ளி, தலைமையாசிரியையும் நானும். ஒன்றிலிருந்து ஐந்து வரை 38 பிள்ளைகள், இரண்டு வகுப்பறை, ஒரு சத்துணவுக் கூடம். கூடத்துக்குப் பின்னால் நான்கு குழாய் வைத்த கைகழுவும் தொட்டி. அதிலிருந்து வெளியே விழும் தண்ணீர் எங்கே போகும் என்று கட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மதியம் மட்டும் தட்டு கழுவிய காலத்தில் செம்மண்ணே குடித்துவிட்டது. காலையிலும் கழுவ ஆரம்பித்ததும் மண்ணுக்குத் தாங்கவில்லை.

தண்ணீர் போய்த் தேங்கியது ஒரு பழைய குழியில். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் வேரோடு சாய்ந்த புங்கமரம் நின்ற இடம் அது. அந்த ஒரு ராத்திரியில் போன தென்னையையும் பலாவையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் நிறுத்த மாட்டார்கள். மரத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். குழியை அரைகுறையாக மூடினார்கள். ஐந்து வருடம் கழித்து அதில் சோற்றுப் பருக்கையும் ரவையும் மிதந்தன. காக்கை, நாய், கொசு எல்லாம் வந்து சேர்ந்தன. தலைமையாசிரியை, "சார், ஏதாவது பண்ணுங்க" என்றார். "பண்ணிடலாம் டீச்சர்" என்றேன். ஒரு பைப் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே ரெண்டரை இஞ்சு பிவிசி பைப் ஒரு நீளம் வாங்கிவந்தேன். 640 ரூபாய். தொட்டி வாயிலிருந்து வேலியோரம் வரை கீறி, பைப்பைப் புதைத்து, வேலியோரம் இரண்டு முருங்கைக் குச்சியும் ஊன்றினேன். தனியாகவே செய்தேன். ஞாயிறு முழுக்க இடுப்பு வலி, ஆனால் மனசுக்குள் ஒரு பெருமை.

புதன்கிழமை வரைதான் அந்தப் பெருமை. புதன் என்றால் காலையில் பொங்கல். பொங்கல் தட்டைக் கழுவிய தண்ணீர் பைப்புக்குள் போனது, வெளியே வரவில்லை. எண்ணெய்ப் பசையும் அரிசியும் சேர்ந்து உள்ளே பசை காய்ச்சிவிட்டிருந்தன. கம்பி விட்டுக் குத்தினேன். குத்திய இடத்துக்கு அந்தப் பக்கம் இறுகிக்கொண்டது. மூன்றாம் நாள் வந்த நாற்றத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முருங்கைக் குச்சிகளும் அழுகிப்போயின. முருங்கைக்கு வேரடியில் தண்ணீர் நின்றால் ஆகாது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தண்ணீர் நிற்காது என்ற நம்பிக்கையில் நட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குழுவில் ஒரு பெண்ணின் அப்பா கொத்தனார். அவர் வந்து பைப்பைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வாட்டம் எவ்வளவு சார் விட்டீங்க?" வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கு விடும் சரிவு. நான் விட்டது கண்ணால் பார்த்துவிட்ட வாட்டம். அவர் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் மரியாதை. "சோத்துத் தண்ணிக்குப் பைப்பே ஆகாது சார். தொறந்த வாய்க்கா போடுவோம். அடைச்சா கையால தள்ளிவிடலாம். பத்தடிக்கு ரெண்டு இஞ்சாவது வாட்டம் வேணும்."

இன்னொன்றும் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வரும்?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சரி, அளந்துவிடுவோம் என்று மறுநாள் தொட்டி வாய்க்குக் கீழே 15 லிட்டர் வாளியை வைத்தோம். நிறைய நிறைய மாற்ற வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வாளி வேலை. கணக்கு வைக்கும் வேலையை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாக எடுத்துக்கொண்டான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். அவன் கணக்கில் அரும்பு, அதாவது முதல் படி. கரித்துண்டால் கூடத்துச் சுவரில் ஒரு வாளிக்கு ஒரு கோடு போட்டான். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடலாம் என்று காட்டிக்கொடுத்தேன். "குறுக்கப் போட்டா அது எண்ணிக்கையில வராது சார்" என்று மறுத்துவிட்டு, ஐந்தாவதையும் நேராகவே போட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டான். அதுவும் சரியான முறைதான்.

காலை 5 வாளி, மதியம் 6 வாளி. மொத்தம் 165 லிட்டர். பெரிய பிள்ளைகள் இதை 38ஆல் வகுத்தார்கள். ஆளுக்கு 4 லிட்டர், மீதி 13. அந்த 13 லிட்டர் யாருடையது என்று ஒரு சண்டை. கடைசியில் அதை எனக்கும் தலைமையாசிரியைக்கும் சமையல் அக்காவுக்கும் பங்கு வைத்தார்கள். பாத்திரம் கழுவுவது தான்தான் என்பதால் தன் பங்குதான் பெரிது என்று அக்கா ஒத்துக்கொண்டார்.

வேலை நடந்தது செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில். கொத்தனார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் இரண்டு அம்மாக்கள் மம்பட்டியோடு வந்தார்கள். செங்கல், யாரோ கக்கூஸ் கட்டி மிஞ்சியது. மணலும் அப்படித்தான். சிமெண்ட் மட்டும் ஒரு மூட்டை, 430 ரூபாய். எல்போ, ஜல்லடை என்று ஒரு 90. டியூப் மட்டம் பார்க்க வெள்ளை டியூப் 120. என் பைப்பையும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,280. பைப்பைச் சேர்க்காமல் சொல்லும்படி தலைமையாசிரியை பெருந்தன்மையாகச் சொன்னார்.

டியூப் மட்டம் பார்த்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். எவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தாலும், நடுவில் மேடு பள்ளம் இருந்தாலும் நிற்கும். அதை வைத்துத்தான் கொத்தனார்கள் வீடு முழுக்க மட்டம் எடுப்பார்கள். தொட்டிப் பக்கம் ஒரு பையன், குழிப் பக்கம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. அடையாளம் வைத்து அளந்தால், குழிப் பக்கம் மேடு என்று வந்தது. தண்ணீர் தானாக ஓடிப்போய்த் தேங்கும் இடம் எப்படி மேடாக இருக்கும்? கொத்தனார் திரும்ப அளந்தார். திரும்பவும் அதே. நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண், "இதுக்குள்ள ஒரு முட்டை இருக்கு" என்றாள். டியூப் நடுவில், செடி மறைவில், கட்டை விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி. டியூபைத் தூக்கி, சுண்டிச் சுண்டி அதை நகர்த்தி வெளியேற்ற ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் டுப்பென்று வெளியே வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது அளந்தால் குழிப் பக்கம் ஒன்றரை இஞ்சு பள்ளம். பதினெட்டு அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை இஞ்சு வேண்டும். மீதியைத் தோண்டி எடுத்தோம்.

கட்டியது இதுதான். தொட்டி வாய்க்குக் கீழே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு செங்கல் தொட்டி. அதற்குள் 20 லிட்டர் பெயிண்ட் வாளி, அடியெல்லாம் ஓட்டை போட்டது. வாளிக்குள் கீழே முக்கால் இஞ்சு ஜல்லி, மேலே தேங்காய் நார். சோறும் ரவையும் நாரில் தங்கிவிடும். வாளியிலிருந்து செங்கல் தொட்டிக்குள் இறங்கும் தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போகாது. வெளியேறும் வழியில் ஒரு எல்போவைக் கவிழ்த்து வைத்தோம். அதன் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும், எல்போ அடியிலிருக்கும் தண்ணீரை மட்டும் இழுக்கும். ஹோட்டல்களில் வைக்கிற எண்ணெய்த் தொட்டியும் இந்தத் தத்துவம்தான் என்றார் கொத்தனார். மேலே ஒரு உடைந்த கடப்பாக் கல் மூடி. மூடாவிட்டால் நாமே கொசுவுக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

அங்கிருந்து திறந்த வாய்க்கால், புங்கமரக் குழி வரை. குழியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி மூன்று அடுக்கு போட்டு, சருகும் மண்ணும் நிரப்பினோம். சுற்றி மூன்று பூவன் வாழைக்கன்று. கரையில் சேம்பு. கீரை போடலாமே என்று ஒரு அம்மா கேட்டார். கழுவிய தண்ணீர் இலையில் படும் எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாழை என்றால் வேர் குடிக்கும், காய் எட்டாத உயரத்தில் இருக்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவும் பெரிய பாத்திரங்களின் தண்ணீரை மட்டும் அக்கா வேறு பக்கம் ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். சாம்பலும் நாருமாகத் தேய்ப்பதைத் தாராளமாக விடலாம்.

நடுவில் அக்டோபர் 2 கிராம சபை. தொட்டியில் நான்கு குழாயில் இரண்டு நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தன. மனு எழுதிக்கொண்டு போனோம். நான் எழுந்து பேசுவதற்குள் எங்கள் குழுவில் இருக்கும் அப்பத்தா எழுந்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் பேரன் வழியாகக் குழுவுக்கு வந்தவர். 1991இல் அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்க நடந்தபோது கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்ட பெண்களில் ஒருவர். சைக்கிள் இப்போது வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிறது. பேச்சு மட்டும் இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறது. "ஒழுகுற தண்ணிய எங்க புள்ளைக வாளி வாளியா எண்ணி வச்சிருக்குக, வந்து பாருங்க" என்றார். நாங்கள் ஒழுகுவதைத் தனியாக எண்ணவே இல்லை. ஆனாலும் அடுத்த வாரமே டேங்க் ஆபரேட்டர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அளந்தபோது 11 வாளி 9 ஆகியிருந்தது. அப்பத்தா சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

முதல் புதன்கிழமை எல்லாரும் வாய்க்காலைச் சுற்றி நின்றோம். தண்ணீர் வந்தது, மெதுவாக, ஒரு சருகைத் தள்ளிக்கொண்டு. குழிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது புதன் அடைத்துக்கொண்டது. நாரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு பெரிய வெள்ளை இட்லி மாதிரி இறுகியிருந்தது. அன்றிலிருந்து செவ்வாய் சாயங்காலம் நார் மாற்றுவது ஐந்தாம் வகுப்பின் வேலை, வெள்ளிக்கிழமை செங்கல் தொட்டியைக் காலி செய்வது என் வேலை. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுப்பது அருவருப்பான வேலை, அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. அருவருப்பு மூன்றாவது வாரம் போய்விட்டது, நாற்றம் போகவில்லை.

மழை தொடங்கியதும் வேறு ஒரு கிளை முளைத்தது. "முட்டை" கண்டுபிடித்த அதே பெண், "மழை எத்தனை வாளி சார்?" என்று கேட்டாள். ஒரு பாட்டிலைக் கழுத்துக்குக் கீழே அறுத்து, அறுத்த மேல் பாகத்தைப் புனல் மாதிரி கவிழ்த்து வைத்தோம். நேரான உடம்புள்ள பாட்டிலாக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் ஆகாது. பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூஜ்யம் என்று குறித்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டினோம். வானிலைக்காரர்கள் காலை 8.30க்கு அளவு எடுப்பதால் நாங்களும் 8.30. பள்ளிக்கு எதிர்வீட்டுப் பையனிடம் பொறுப்பு. முதல் பாட்டிலை ஆடு முட்டித் தள்ளியது. இரண்டாவதைச் செங்கல் அண்டக்கொடுத்து வைத்தோம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைக் கரும்பலகையில் எழுதியபோது ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. வகுப்பறை மொட்டைமாடியை டேப் வைத்து அளந்தோம். 6 மீட்டர், 5 மீட்டர். 30 சதுர மீட்டர். நவம்பரில் ஒரு ராத்திரி 42 மில்லிமீட்டர் பெய்திருந்தது. 1,260 லிட்டர். வாளிக்கணக்கில் 84. நாம் இரண்டு வேளையும் தட்டு கழுவி ஒரு வாரத்துக்கு மேல் விடும் தண்ணீர், ஒரே ராத்திரியில் தலைக்கு மேலிருந்து வழிந்து போயிருக்கிறது. கரிக்கோடு போட்ட பையன் 84 கோடு போட்டுப் பார்த்தான். ஒரு சுவர் தீர்ந்தது.

டிசம்பர் 18 அன்று அரையாண்டுத் தேர்வு நேரம். செய்தியில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். எங்கள் பாட்டிலின் உயரமே 25 சென்டிமீட்டர்தான். 95 எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். சுவரில் தரையிலிருந்து 95 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நிற்க வைத்தார்கள். கோடு அவள் தோளுக்குக் கிட்டே வந்தது. அவள் திரும்பிப் பார்த்து, விரலால் கோட்டைத் தொட்டாள். அந்தக் கோட்டை நாங்கள் அழிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு உழக்கு இருக்கும். வெள்ள நிவாரணத்துக்குப் போன ஒரு வேனில் அதை ஏற்றிவிட்டோம்.

பொங்கலுக்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. வாழை வளர்ந்தது. ஜனவரி 26க்கு நான்காம் வகுப்பு வாய்க்காலைப் படமாக வரைந்து வைத்தது. அதில் கவிழ்ந்த எல்போ யானைத் தும்பிக்கை மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் யானை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, அந்த மூன்று நாளும் தண்ணீர் 6 வாளிதான் என்று கணக்கில் இருக்கிறது.

ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. வாழையைச் சுற்றிக் கயிறு கட்டினேன். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் கயிற்றுக்குள்ளேயே ஒதுங்கினார்கள், அங்குதானே நிழல். சேம்பு முழுக்க மிதிபட்டது. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் குழாயில் முகம் கழுவினார்கள். வருடத்திலேயே வாழை அதிகம் தண்ணீர் குடித்த நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் யோசிக்காமல் விட்டது கோடை விடுமுறையை. தட்டு இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. பிள்ளைகள் முறை வைத்து ஊற்றுவதாக அட்டவணை எழுதி ஒட்டினோம். இரண்டு வாரம் நடந்தது. அப்புறம் ஆளாளுக்குத் தாய்மாமன் வீடு. மே மாதம் நான் போய்ப் பார்த்தபோது ஒரு வாழை காற்றில் சாய்ந்து கிடந்தது. மற்ற இரண்டும் நின்றன, அடிமண் ஈரமாக இருந்தது. யார் ஊற்றியது என்று விசாரித்தால் அப்பத்தா. வீட்டில் அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குடத்தில் சேர்த்துச் சாயங்காலம் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். "ஏன் அப்பத்தா, சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே" என்றேன். "நீங்க பைப்புப் போட்டுருவீங்க வாத்தியாரே" என்றார்.

2024 ஜூன் 10 பள்ளி திறந்தது. ஜூன் 12, புதன், வருடத்தின் முதல் பொங்கல். காலை 8.15 இருக்கும். போன வருடம் ஐந்தாம் வகுப்பில் நார் மாற்றும் வேலையில் இருந்த பையன் வாய்க்காலோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். புதுச் சீருடை, முதுகில் பை. இப்போது ஆறாம் வகுப்பு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. பஸ் இன்னும் வரவில்லை. கடப்பாக் கல்லைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தான்.

"சார், நேத்து நார் மாத்தலையா?"

யாருடைய வேலை என்று இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை என்றேன். அவன் சட்டைக் கையை மடிக்கப் போனான். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டான். நான் வாளியைத் தூக்கி, பழைய நாரை உதறிவிட்டு, சத்துணவுக் கூடத்தில் புது நார் இருக்கிறதா என்று அக்காவைக் கேட்கப் போனேன்.